பேர் ஆஷ், பாத்திரப் பிரிவு

2005இல் சென்னையில் ஒரு பல மாடிக் கடையின் பாத்திரப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். வேலை பார்த்தேன் என்றும் சொல்லலாம், ஆனால் நின்றதுதான் அதிகம். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. ஸ்டூல் என்று ஒன்று இருந்தது, மேல் தட்டிலிருந்து அண்டா இறக்குவதற்கு. அதில் உட்கார்ந்ததற்காக ஒரு பையனுக்கு ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள்.

அங்கே என் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. "பாத்திரம், மூணாம் கவுண்டருக்கு வா" என்று ஃப்ளோர் சூப்பர்வைசர் மைக்கில் கூப்பிடுவார், போவேன். இரண்டாம் மாடியில் இருந்த என் அறைத் தோழன் பெயர் நைட்டி. தரைத் தளத்தில் ஐம்பது வயது அண்ணாச்சி ஒருவர் இருந்தார், அவர் லக்கேஜ்.

ஒரு விடுமுறை நாளில் நைட்டி பர்மா பஜாரிலிருந்து ஒரு டிவிடி வாங்கி வந்தான். அட்டையில் மரம் அறுக்கிற செயின்சாவோடு ஒருத்தன், காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், சுற்றிலும் எலும்புக்கூடுகள். "பேய்ப் படம்லே" என்றான். மேன்ஷனில் பக்கத்து அறைக்காரரிடம் கம்ப்யூட்டர் இருந்தது. அவர் ஊருக்குப் போயிருந்தார், சாவி எங்களிடம்.

படம் 'ஆர்மி ஆஃப் டார்க்னெஸ்'. தொடங்கியதும் சங்கிலியில் கட்டப்பட்ட ஒருவனைக் குதிரைவீரர்கள் இழுத்துப்போகிறார்கள். பின்னணியில் அவன் குரல். தன் பெயர் ஆஷ், இப்போது அடிமை, வருஷம் ஏறக்குறைய கி.பி. 1300, கொல்லத்தான் கொண்டுபோகிறார்கள் என்கிறான். எப்போதுமே இப்படி இல்லை, எனக்கும் ஒரு வாழ்க்கை இருந்தது என்கிறான். என்ன வாழ்க்கை? ஒரு வேலை. காட்சி மாறுகிறது. பளீரென்ற விளக்குகள், வரிசை வரிசையாக அலமாரிகள், எஸ்-மார்ட் என்ற மலிவு விலைப் பெருங்கடை. ஆஷ் அங்கே சேல்ஸ்மேன், வீட்டுச் சாமான் பிரிவு, எங்கள் கணக்கில் பாத்திரப் பிரிவு.

நைட்டி என்னைப் பார்த்தான். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இந்தப் படத்தைப் பத்துப் பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன். முன்கதை தெரியாமல் பார்த்த முதல் தடவைதான் உசத்தி. இது மூன்றாவது பாகம் என்பதே எங்களுக்குத் தெரியாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரே பள்ளியில் படித்த இயக்குநர் சாம் ரைமியும் ஆஷாக நடித்த புரூஸ் கேம்ப்பெல்லும், பிறகு கல்லூரிப் பழக்கத்தில் வந்து சேர்ந்த தயாரிப்பாளர் ராபர்ட் டாப்பர்ட்டும் பல் டாக்டர், வக்கீல் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் பணம் திரட்டி எடுத்தது முதல் படம், 'தி ஈவில் டெட்'. டென்னசியில் ஒரு பாழடைந்த காட்டு வீட்டில் குளிரில் நடுங்கிக்கொண்டே படமாக்கி, 1981இல் வெளியிட்டார்கள். 1987இல் இரண்டாம் பாகம். அதில் ஆஷின் வலது கைக்குள்ளேயே பேய் புகுந்துகொள்ள, அவனே அதை வெட்டியெறிந்து அந்த இடத்தில் செயின்சாவைப் பொருத்திக்கொள்கிறான். கடைசியில் ஒரு சுழல் அவனையும் அவன் காரையும் சேர்த்து உறிஞ்சி இடைக்காலத்தில் துப்பிவிடுகிறது. மூன்றாம் பாகம் அங்கிருந்து தொடங்குகிறது.

ஊருக்குத் திரும்ப ஒரே வழி மந்திரப் புத்தகம். அது ஒரு மயானத்தில் இருக்கிறது. எடுப்பதற்கு முன்பு மூன்று வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் செத்தவர்களெல்லாம் எழுந்துவிடுவார்கள். மாற்றிச் சொல்கிறான், எழுகிறார்கள், சண்டை. கதை அவ்வளவுதான். காலப் பயணம் என்றவுடன் தாத்தாவைக் கொன்றால் பேரன் பிறப்பானா என்று கணக்குப் போடுகிற ரகம் இல்லை. வரலாறு மாறிவிடுமோ என்று ஆஷுக்கு ஒரு நொடிகூடக் கவலை வருவதில்லை. கார் டிக்கியில் கிடந்த வேதியியல் பாடப் புத்தகத்தைப் புரட்டி அவர்களுக்கு வெடிமருந்து செய்யக் கற்றுக்கொடுக்கிறான். இங்கிலாந்தில் ரோஜர் பேக்கன் 1267 வாக்கிலேயே வெடிமருந்தைப் பற்றி எழுதிவிட்டார், அரண்மனை ஞானி கொஞ்சம் படித்திருந்தால் ஆஷ் தேவைப்பட்டிருக்க மாட்டான். அது இங்கிலாந்தா என்பதே சந்தேகம்தான். கலிஃபோர்னியாவின் வறண்ட மலைகளில் எடுத்ததால், 1300இல் இங்கிலாந்தில் பச்சைப் புல்லே கிடையாது போலிருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த காட்சி. தன்னைத் தள்ளிவிட்ட குழிக்குள் இருந்த பேயோடு மல்லுக்கட்டி, ஆஷ் உயிரோடு மேலே ஏறி வருகிறான். சுற்றிலும் வாளும் ஈட்டியுமாக ஒரு கூட்டம். தன் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து, அதற்கு அவர்கள் பாஷையில் 'பூம்ஸ்டிக்' என்று பெயர் சூட்டி மிரட்டுகிறான். வேறு படமாக இருந்தால் அதோடு வெட்டியிருப்பார்கள். இவன் நிறுத்துவதில்லை. பன்னிரண்டு கேஜ் ரெமிங்டன், எங்கள் கடையின் முதல் தரச் சரக்கு, விளையாட்டுச் சாமான் பிரிவில் கிடைக்கும், மிச்சிகன் மாநிலம் கிராண்ட் ரேப்பிட்ஸில் செய்தது, விலை சுமார் 109 டாலர் 95 சென்ட், வால்நட் மரக் கட்டை, தொட்டால் சுடும் விசை என்று அடுக்கிக்கொண்டே போகிறான். கடையின் விளம்பர வாசகத்தையும் சொல்லி முடிக்கிறான். பேயும் வேண்டாம், போரும் வேண்டாம், அவன் வாய் தானாக ஓடுகிறது.

இதற்குப் பலரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், சிரித்த கையோடு வயிற்றில் ஏதோ பிசைந்தது. "அக்கா, இது அடிகனம், ஐஎஸ்ஐ முத்திரை இருக்கு, கேஸ்கட் ஒண்ணு எக்ஸ்ட்ரா, அஞ்சு வருஷம் வாரண்டி, கல்யாணச் சீருக்குன்னா பேர் பொறிச்சுத் தந்துடுவோம்." ஒரு நாளைக்கு எழுபது எண்பது தடவை சொல்வேன். தூக்கத்தில் நான் குக்கர் விற்பதாக நைட்டி சொல்லியிருக்கிறான். என்னைக் கொண்டுபோய் ராஜராஜன் படை நடுவே நிறுத்தினாலும் உயிர்ப்பிச்சை கேட்பதற்கு முன்னால் வாரண்டியைத்தான் சொல்லியிருப்பேன். அந்தக் காட்சியை எழுதியவர்கள் சாம் ரைமியும் அவர் அண்ணன் ஐவன் ரைமியும். ஐவன் மருத்துவர், அவசர சிகிச்சைப் பிரிவு. கடையில் நின்ற அனுபவம் இருவரில் யாருக்கு என்று தெரிந்துகொள்ள ஆசை.

109.95 என்பது நம் ஊர் பாட்டா செருப்பு விலை மாதிரி. அதையும் ஐந்து சென்ட் விடாமல் சொல்கிறான் பாருங்கள். ஆனால் பொருள் எங்கே செய்தது என்பதில் அடித்துவிடுகிறான். ரெமிங்டன் துப்பாக்கித் தொழிற்சாலை பல தலைமுறைகளாக இருந்தது நியூயார்க் மாநிலத்து இலியன் என்ற சின்ன ஊரில். கிராண்ட் ரேப்பிட்ஸில் இல்லை. திரைக்கதை எழுதியவர்களின் பிழையாகவும் இருக்கலாம், வேண்டுமென்றே வைத்ததாகவும் இருக்கலாம். எனக்கு அது அசல் சேல்ஸ்மேன் பொய்யாகத்தான் படுகிறது. "இது எங்க தம்பி செஞ்சது?" என்று கேட்டால் கும்பகோணம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அட்டைப் பெட்டியில் வேறு மாநிலம் அச்சாகியிருக்கும்.

மிச்சிகன் என்று அவன் சொல்வதில் இன்னொன்றும் இருக்கிறது. ரைமி கூட்டத்தின் சொந்த மண் அது. எஸ்-மார்ட் என்ற பெயரைக் கேட்டால் அமெரிக்கர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது கேமார்ட் என்ற நிஜப் பெருங்கடை நிறுவனம். அதன் தலைமையகம் அப்போது மிச்சிகனின் ட்ராய் நகரில் இருந்தது. அவனோடு வானத்திலிருந்து விழுகிற கார் 1973ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் டெல்டா 88. ரைமியின் சொந்தக் கார், அவருடைய பெரும்பாலான படங்களில் எங்காவது தலைகாட்டும், 2002இல் வந்த 'ஸ்பைடர்மேன்' படத்தில் பென் மாமா ஓட்டுவதும் அதைத்தான். ஓல்ட்ஸ்மொபைல் பிறந்த ஊர் மிச்சிகனின் லேன்சிங். கடை, கார், (பொய்யாகவே) துப்பாக்கி மூன்றும் ஒரே மாநிலம். அந்தக் கேமார்ட் 2002இல் திவால் மனு கொடுத்தது. ஓல்ட்ஸ்மொபைல் 2004இல் உற்பத்தியை நிறுத்தியது. நாங்கள் படம் பார்த்த வருஷத்தில் எலும்புக்கூடுகளைவிட ஆஷின் ஊர்ச் சாமான்கள்தான் அதிகம் செத்திருந்தன.

துப்பாக்கியின் மரம் எந்த மரம் என்பதுவரை ஞாபகம் வைத்திருப்பவனுக்கு, ஞானி சொல்லித்தந்த மூன்று வார்த்தை நிற்பதில்லை. 'க்ளாட்டு வெராட்டா நிக்டோ.' கிளம்பும்போது ஞானி திரும்பச் சொல்லிக் காட்டச் சொல்கிறார். "தெரியும் தெரியும்" என்று எரிந்து விழுகிறான். மயானத்தில் புத்தகத்தின் முன்னால் நின்று முதல் இரண்டையும் சரியாகச் சொல்லிவிட்டு மூன்றாவதில் மாட்டிக்கொள்கிறான். நெக்டையா, நெக்டரா, நிக்கலா, நூடுலா? 'ந'வில் ஆரம்பிக்கும், அது மட்டும் நிச்சயம். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மூன்றாவது வார்த்தை வரவேண்டிய இடத்தில் இருமிவிடுகிறான். இருமிவிட்டு, 'சொல்லியாச்சு' என்று மயானத்துக்கே அறிவித்துவிட்டுப் புத்தகத்தைத் தூக்குகிறான்.

அந்த வார்த்தைகள் 1951இல் வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்தில் இருந்து எடுத்தவை, லேசாக மாற்றியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் ஒரு பெண் அவற்றைச் சரியாக ஞாபகம் வைத்திருந்து இயந்திர மனிதனிடம் சொல்லி உலகத்தைக் காப்பாற்றுவாள். நாற்பது வருஷம் கழித்து அதே மந்திரத்தை ஒருத்தன் இருமித் தொலைக்கிறான். காலப் பயணப் படங்களில் அழிவு வருவது பெரும்பாலும் விஞ்ஞானியின் ஆணவத்தால், இல்லாவிட்டால் விதியால். இங்கே ஒரு ராஜ்ஜியமே சுடுகாடாவதற்குக் காரணம், ஒரு கடைப்பையன் மேலதிகாரி சொன்னதைக் காதில் வாங்காமல் தலையாட்டியதுதான். எத்தனை காலைக் கூட்டங்களில் நான் தலையாட்டியிருக்கிறேன்!

பேய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இவர்களுக்கென்று ஒரு தனிச் சொல் இருக்கிறது, செத்தும் சாகாதவர்கள் என்ற பொருளில். நம்மிடம் அதற்கு நேராக இருப்பது வேதாளம், பிணத்துக்குள் புகுந்துகொண்டு பேசுவது. என்ன, நம் வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும், இந்தக் கூட்டம் அணிவகுத்து நடக்கும். எலும்பையே குழலாக ஊதி, முரசு கொட்டிக்கொண்டு வருகிற அந்தப் படையைப் பார்த்தபோது எனக்குப் பள்ளிக்கூடத்துத் தமிழய்யா ஞாபகத்துக்கு வந்தார். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் காய்ச்சுகிற பகுதியை அவர் நடித்துக் காட்டுவார். போர்க்களத்து முரசு உரல், யானைத் தந்தம் உலக்கை, செத்த வீரனின் பல் அரிசி. பசியில் வயிறு ஒட்டிப்போன பேய்கள் பந்தியில் இடம் பிடிக்கச் சண்டை போடும். நாங்கள் உருண்டு புரண்டு சிரிப்போம். பயமும் சிரிப்பும் ஒரே பந்தியில் உட்காரலாம் என்று ஜெயங்கொண்டார் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே பரிமாறிவிட்டுப் போயிருக்கிறார். ஹாலிவுட்காரர்கள் எண்பதுகளில் கண்டுபிடித்ததாக யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

ரைமியின் குருமார்கள் வேறு. ஒருவர் ரே ஹாரிஹவுசன். 1963இல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோனாட்ஸ்' படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் வாள் வீசும் காட்சி ஒன்று உண்டு, பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்தி, அந்த ஒரு சண்டைக்கே நான்கரை மாதம் உழைத்திருக்கிறார். 'ஆர்மி ஆஃப் டார்க்னெஸ்' படை அதற்குப் போட்ட கும்பிடு. இன்னொரு குரு 'த்ரீ ஸ்டூஜஸ்' என்ற அந்தக் காலத்து அடிதடிக் கோமாளிகள். மயானத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு எலும்புக் கைகள் வருகின்றன. வந்து கழுத்தை நெரிக்கும் என்று எதிர்பார்த்தால், கண்ணைக் குத்துகின்றன, மூக்கைத் திருகுகின்றன, கன்னத்தில் அறைகின்றன. புரூஸ் கேம்ப்பெல் அடி வாங்கும் அழகே அழகு. வடிவேலுவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். முகம் முழுக்க வீரனுக்குரிய தாடை, உடம்பு முழுக்க உதை வாங்கவே பிறந்தவனின் நெளிவு.

காதல் பகுதி எனக்கு ஒட்டவில்லை. நாயகியாக வரும் எம்பெத் டேவிட்ஸ் நல்ல நடிகை, அதே 1993இல் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தில் ஹெலன் ஹிர்ஷாக நடுங்க வைத்தவர். இங்கே போர்வை நெய்து கொடுப்பதும் பேயாக மாறித் திரும்புவதும்தான் அவருக்குக் கிடைத்தவை.

படம் அமெரிக்காவில் வெளியானது 1993 பிப்ரவரி 19. ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் டாலரில் எடுத்து, அங்கே வசூலித்ததும் கிட்டத்தட்ட அவ்வளவே. தியேட்டரில் தோற்ற படம் வீடியோ கேசட்டில்தான் பிழைத்து எழுந்தது. செத்தும் சாகாதது என்று அதையும் சொல்லலாம். ஜப்பானில் இதற்கு வைத்த பெயர் 'கேப்டன் சூப்பர்மார்க்கெட்'. கேலிக்கு வைத்தார்களோ என்னவோ, இந்தப் படத்தை உலகத்திலேயே சரியாகப் புரிந்துகொண்டவர்கள் ஜப்பான் விநியோகஸ்தர்கள்தான் என்று நான் நம்புகிறேன்.

ஏனென்றால் எனக்கும் ரைமி ரசிகர்களுக்கும் இருக்கிற தகராறே முடிவைப் பற்றித்தான். ரைமி முதலில் எடுத்த முடிவு வேறு. ஞானி கொடுத்த மருந்தைத் துளித் துளியாகக் குடித்து, ஆஷ் ஒரு குகைக்குள் தன் காரிலேயே தூங்க வேண்டும். எத்தனை நூற்றாண்டோ அத்தனை துளி. எண்ணிக்கொண்டே வருபவன் கவனம் சிதறி ஒரு துளியைக் கூடுதலாக விழுங்கிவிடுகிறான். நீளத் தாடியோடு விழித்து வெளியே வந்தால் லண்டன் இடிந்து கிடக்கிறது, உலகம் முடிந்துவிட்டது. அதிகம் தூங்கிவிட்டேனே என்று கதறுகிறான், படம் முடிகிறது. யுனிவர்சல் ஸ்டுடியோவுக்கு அந்த இருட்டு பிடிக்கவில்லை. வேறு முடிவை எடுக்க வைத்தார்கள். ஆஷ் ஊர் திரும்பி, பழையபடி எஸ்-மார்ட்டில் வேலைக்கு வந்துவிடுகிறான்.

ரசிகர்களில் பலர் முதல் முடிவின் பக்கம். அதுதான் இயக்குநரின் கனவு, அதுதான் ஆஷின் முட்டாள்தனத்துக்குத் தக்க தண்டனை, கடைக் காட்சி வியாபாரிகள் ஒட்டவைத்த வால் என்பார்கள். 96 நிமிட இயக்குநர் பதிப்பைப் பின்னால் தேடிப் பார்த்தேன். குகை முடிவு அழகாகத்தான் இருக்கிறது. எண்ணத் தெரியாதவன் கதைக்கு எண்ணிக்கைப் பிழையில் முடிவு, குறையே இல்லை. ஆனாலும் நான் வியாபாரிகள் பக்கம்தான்.

கடைக் காட்சியில் ஆஷ் தன் சாகசத்தைக் கூட வேலை செய்கிற ஒருவனிடம் அளந்துகொண்டிருக்கிறான். நான் ராஜாவாகவே ஆகியிருக்கலாம் என்கிறான். திரும்பி வரும்போதும் அந்த மூன்று வார்த்தை சொல்ல வேண்டியிருந்ததே, இந்தத் தடவையாவது ஒழுங்காகச் சொன்னாயா என்று அவன் கேட்கிறான். ஒவ்வொரு எழுத்தையும் சொன்னேன் என்று சொல்ல முடியாது, ஆனால் மொத்தத்தில் சொல்லிவிட்டேன் என்று மழுப்புகிறான் ஆஷ். அந்த நேரத்தில் கடைக்குள் ஒரு பெண்ணுக்குள் பேய் புகுந்துவிடுகிறது. அலமாரிகள் சரிகின்றன, கண்ணாடிகள் நொறுங்குகின்றன, சனங்கள் தெறித்து ஓடுகிறார்கள். ஆஷ் அவள் எதிரில் வந்து நிற்கிறான். நின்று என்ன சொல்கிறான் தெரியுமா? அம்மா, உங்களைக் கடையை விட்டு வெளியே போகச் சொல்ல வேண்டியிருக்கிறது, வருத்தமாக இருக்கிறது என்கிறான். பேய்க்கு! கவுண்டர் மரியாதை குறையாமல்! நீ யாரடா என்று பேய் சீறுகிறது. தன் பெயரைச் சொல்லி, துப்பாக்கி லீவரை இழுத்து, தன் பிரிவையும் சொல்கிறான். ஆஷ், பாத்திரப் பிரிவு.

இரண்டு துண்டுதான் அந்தப் பதில். முதல் துண்டு அவன் அம்மா வைத்தது, இரண்டாவது முதலாளி வைத்தது. இரண்டையும் சேர்த்து ஒரு பட்டம் போலச் சொல்கிறான். தமிழில் பாத்திரம் என்றால் குண்டானும் அதுதான், கதையில் வருகிற ஆளும் அதுதான். மைக்கில் தினமும் அப்படிக் கூப்பிடப்பட்ட எனக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது. குகையில் தூங்கி எழுந்து அழிந்த உலகத்தைப் பார்ப்பவன் யாராகவும் இருந்திருக்கலாம், ஒரு பேராசிரியராகவோ படைவீரனாகவோ. பேயிடம் வாடிக்கையாளர் மரியாதை காட்டத் தெரிந்தவன் பன்னிரண்டு மணி நேரம் நின்று பழகியவன் மட்டும்தான்.

(நிற்பது என்றதும் இது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018இல் சட்டம் திருத்தினார்கள், தமிழ்நாட்டில் 2021இல். நான் பாத்திரப் பிரிவை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டிருந்தது. செய்தியைப் பேருந்தில் நின்றுகொண்டே படித்தேன்.)

கேம்ப்பெல் பின்னால் 2015 முதல் 2018வரை தொலைக்காட்சித் தொடரிலும் ஆஷாக வந்தார். வயது ஏறி, தொப்பை போட்டு, அப்போதும் ஒரு கடையில்தான் வேலை. பதவி உயர்வு கிடைத்த மாதிரித் தெரியவில்லை. இரண்டு அத்தியாயங்களுக்கு மேல் நான் பார்க்கவில்லை, ஏனோ.

அந்த ராத்திரி படம் முடிந்தபோது மணி ஒன்றரை. நைட்டி எதுவும் பேசாமல் டிவிடியைத் துடைத்து உறைக்குள் போட்டான். மறுநாள் ஆடித் தள்ளுபடியின் முதல் நாள், படிக்கட்டில் கால் வைக்க இடம் இல்லை. பதினொரு மணிக்கு, அடி பிடித்த குக்கரைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்து கவுண்டரில் டொங்கென்று வைத்தார். வாங்கி மூன்று வருஷம் ஆகிறது, பில் இல்லை, மாற்றித் தந்தே ஆக வேண்டும். கால் மணி நேரம் கத்தினார். நான் "அம்மா, வருத்தமாத்தான் இருக்கு" என்று ஆரம்பித்து மேற்கொண்டு சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டேன். மைக் கூப்பிட்டது. "பாத்திரம், மூணாம் கவுண்டருக்கு வா."

இரண்டாம் மாடியைத் தாண்டித்தான் போக வேண்டும். உயரத்தில் தொங்குகிற துணியை எடுப்பதற்கு ஒரு கொக்கிக் கம்பு வைத்திருப்பார்கள் அங்கே. நைட்டி அதைத் தோளில் துப்பாக்கி மாதிரிச் சாய்த்துக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, கூட்டத்துக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பேரு நைட்டி" என்றான். "செகண்ட் ஃப்ளோர்."